சுருளியாண்டி நிற்கும் இடங்கள்

"மல்லி இன்னைக்கு என்னத்தா வெல?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பூக்கடைப் பலகையில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறார் சுருளியாண்டி. பூ வாங்க மாட்டார். விலையைக் கேட்டு, "அடேயப்பா" என்று சொல்லி, மேகத்தை ஒரு தடவை பார்த்து, சட்டைப் பையைத் தடவிவிட்டுச் சட்டென்று கிளம்புவார். பத்துக் கடை தள்ளி செல்போன் கடையில் அடுத்த நிறுத்தம். அங்கே சார்ஜர் விலை. அதற்கப்புறம் ஜவுளிக்கடை.

"ஒரு துண்டு வாங்குனதில்ல. ஆனா எங்கம்மா மூட்டுவலி எப்படியிருக்குன்னு கேக்காமப் போனதுமில்ல" என்கிறார் ஜவுளிக்கடை ஞானசிகாமணி. கம்பம் கடைவீதி முழுக்க இவருக்கு இதே பெயர்தான். அடுத்தவர் வலியை நின்று கேட்கிற மனிதர்.

எங்கள் தெருக்காரர். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிவேலைப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்பே வண்டியைத் தெருமுனையில் உறுமவிட்டுக்கொண்டு, ஹாரனையும் அடித்துக்கொண்டு, கூடவே கத்தவும் செய்வார். "ஆத்தா, ஏறுங்க ஏறுங்க, வெயில் வந்துருச்சு."

"சூரியனே இன்னும் வரலண்ணே" என்பார் முன்சீட்டில் உட்காரும் அன்னத்தாய்.

"அது லேட்டா வந்தா நானும் லேட்டா போகணுமா?"

கம்பம் மெட்டு மலைப்பாதையில் இவர் ஜீப்பில் ஏறிய எனக்கு, வளைவுகளைவிட இவருடைய கைகள்தான் பயம் காட்டின. ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தால் இன்னொன்று கண்ணாடியைத் திருப்பும், காதில் சொருகிய பீடியைத் தேடும், ஜன்னலுக்கு வெளியே போய் எதிர்வண்டிக்காரனைத் திட்டும். ஆனால் வண்டி கோடு போட்டதுபோலப் போகும். "இங்கன உக்காந்துட்டா நான் ராசா" என்று இருக்கையைத் தட்டிக் காட்டினார். அது உண்மை. இறங்கி நடந்தால்தான் ராசாவுக்குச் சிக்கல்.

இடது காலில் வலி. ரெண்டு வருடமாக. முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தது மெக்கானிக் கர்ணன்தான். அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். மலையில் ஜீப் ஓட்டுகிற எவருக்கும் இடது கால் வலிக்கும், கிளட்ச் மிதித்து மிதித்து வருவது, அதற்கு இந்தப் பக்கம் 'கிளட்ச் கால்' என்றே பெயர். காலுக்கு வைத்தியம் பார்ப்பதற்குப் பதில் வண்டிக்குப் பார்ப்பார்கள். சுருளியாண்டியும் பார்த்தார். கிளட்ச் பிளேட்டை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். பெடலையே மாற்றினார். பெடல் இப்போது சுண்டுவிரலால் அழுத்தினாலும் இறங்குகிறது. கால் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் கர்ணனுக்கே அலுத்துப்போனது. "இனி மாத்துறதுன்னா உங்க காலைத்தாண்ணே மாத்தணும்."

ராத்திரி வீட்டில் மனைவி சோணையம்மாள் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பார். அவரிடமும் கிளட்ச் கதைதான் சொல்லியிருந்தார். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது கட்டளை. "கால் போன டிரைவர் வண்டில எவ ஏறுவா? கொண்டை ஊசி வளைவுல உசிரக் கையில புடிச்சுக்கிட்டு வர்றவளுக."

ஒரு நாள் ஊரில் கடையடைப்பு. பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிய இருவரும் வெறிச்சோடிய கடைவீதியில் நடந்தார்கள். சோணையம்மாள் திரும்பிப் பார்த்தால் புருசனைக் காணோம். பின்னால் வெகுதூரத்தில், மூடிக் கிடந்த செல்போன் கடைக்கு முன்னால், ஷட்டர் பூட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்.

"ஏங்க, பூட்டுக்கிட்ட என்ன விசாரிக்கிறீக?" என்று கேட்டுக்கொண்டே வந்த சோணையம்மாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வேர்த்துக் கொட்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே தேனி. டாக்டர் ஏஞ்சல் சின்ன வயசு. சுருளியாண்டி நாற்காலியில் உட்காராமல் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே கிளட்ச் கதையை ஆரம்பித்தார். டாக்டர் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஜீப் ஓட்டுறப்ப வலிக்குதாய்யா?" என்றார்.

"இல்ல."

"நடந்தா?"

"கொஞ்ச தூரத்துல ஆடுசதைய யாரோ புடிச்சு முறுக்குற மாதிரி இருக்கும்."

"நின்னா?"

"ரெண்டு பேச்சுப் பேசுறதுக்குள்ள போயிரும்."

சாவியின் சத்தம் நின்றது. சோணையம்மாள் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். வலது காலில் கிடைத்தது, இடது காலில் தேட வேண்டியிருந்தது. இடது பாதம் சில்லிட்டிருந்தது, முழங்காலுக்குக் கீழே முடியே இல்லை. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்ளே சுருங்கி அடைத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கையில் போகிற ரத்தம் போதும், நடக்கும்போது சதை கூடுதலாகக் கேட்கிறது, வருவதில்லை.

"டீசல் லைன் அடப்பு" என்றார் சுருளியாண்டி. "சமதளத்துல ஓடும். ஏத்தத்துல திணறும்."

"அதேதான். பீடிய இன்னைக்கே விடணும். செங்கல் ஒத்தடம் கூடவே கூடாது, ரத்தம் போகாத கால் சுட்டாலும் தெரியாது. புண்ணு வந்தா ஆறாது. விரல எடுக்கணும், காலயே எடுக்கணும்னு போயிரும். மாத்திரை தர்றேன். அப்புறம் நடக்கணும். வலி நல்லா ஏறுற வரைக்கும் நடங்க, நில்லுங்க, போனதும் மறுபடி நடங்க. பழகப் பழகத் தூரம் கூடும்."

"வலிக்கிறதுக்காக நடக்கணுமா?"

"ஆமா. ரெண்டு பேச்சுப் பேச நிக்கிற மாதிரி நடிக்காம."

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். சோணையம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாராம். "என் கூடச் சோடியா நடக்கக் கூச்சப்பட்டுத்தான் அங்கங்க நிக்கிறீகன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா." இதை என்னிடம் சொன்னதும் அவர்தான். ஊரே புகழ்ந்த ஒரு குணம், பக்கத்தில் நடந்தவருக்கு மட்டும் அவமானமாக இருந்திருக்கிறது.

இப்போது பீடி இல்லை. காதுக்குப் போகும் கை வெறுமனே திரும்பி வருகிறது, சட்டைப் பொத்தானைத் திருகுகிறது. வாயில் ஏலக்காய்த் தோல். வாரத்தில் மூன்று நாள் ஜீப்பை அக்கா மகன் மகிழன் ஓட்டுகிறான். அந்த மூன்று நாளும் சாயங்காலம் புருசனும் பெண்டாட்டியும் சுருளிப்பட்டி ரோட்டில் நடக்கிறார்கள். ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். விசாரிக்க ஒரு கடை கிடையாது. அதற்காகவே அந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்தவர் சோணையம்மாள்.

போன வாரம் நானும் கூடப் போனேன். பாதி வழியில் சுருளியாண்டி முகம் சுருங்கியது. இன்னும் நாலு எட்டு வைத்தார். நின்றார். பந்தலைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்க்கவில்லை. "வலிக்குது" என்றார், மனைவியிடம். சோணையம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அப்போது பின்னால், தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்களைச் சுருளிப்பட்டியில் இறக்கிவிட அவருடைய ஜீப்பே வந்தது. மகிழன் கியரை நறநறவென்று மாற்றி நிறுத்தினான். சுருளியாண்டிக்கு அந்தச் சத்தம் பல்லில் விழுந்ததுபோல் இருந்தது. பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கால் விஷயம் அவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருந்தது, யாரும் வேறு வண்டிக்கு மாறியிருக்கவில்லை.

"ஏறுங்கண்ணே" என்றார் அன்னத்தாய், முன்சீட்டில் நகர்ந்து இடம் விட்டபடி. "மதினி, நீங்களும் வாங்க. எங்கள எறக்கிட்டு மகிழன் உங்கள வீட்டுல கொண்டாந்து விட்டுருவான். எதுக்கு இந்தப் பாடு?"

சுருளியாண்டி அந்தச் சீட்டைப் பார்த்தார். கை தானாகக் கதவுக் கம்பியைப் பிடித்தது. விட்டது. பிறகு, வண்டி கிளம்பலாம் என்பதற்குக் கிளீனர்கள் தட்டுவதுபோல, ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.