பெயர் அடித்த பக்கம்

என் மகள் ஸிம்றாவுக்கு வீட்டில் பாட்டுப் பதிய ஒரு மைக் வேண்டுமாம். விலையும் குறைவாக இருக்க வேண்டும், பாட்டுக்கும் றபான் கொட்டுக்கும் பேச்சுக்கும் அது ஒன்றே போதவும் வேண்டும். இந்த விஷயத்தில் நான் பெரிய ஆள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். அலுமாரியிலிருந்து என் பழைய மைக்கை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை அடித்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் அடிச்சிரிக்கிற பக்கம் பாடுறவரப் பாத்துத்தானே வாப்பா இரிக்கணும்? மத்தப் பக்கம் ஒண்டும் கேக்காதாமே" என்றாள். ஓம் என்றேன். அந்த நிமிஷம் வரை எனக்கு அது தெரியாது.

சாய்ந்தமருதில் எங்கள் பழைய வீட்டின் பின்னறையிலும் இதே வாசனைதான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க உம்மாவின் போர்வைகளை எல்லாம் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். உம்மா ஏசிய ஏச்சு தனிக்கதை. அப்போது நான் புது வாத்தியார், கையில் முதல் சம்பளம். கல்முனைக் கடைக்காரர் சாதாரணக் கை மைக் ஒன்றைக் காட்டி, எல்லாத்துக்கும் தோதானது, கீழே விழுந்தாலும் பாடும் என்றார். எனக்கு அது மீன் ஏலம் விடுகிற மைக் போலத் தெரிந்தது. இன்டர்நெற்றில் படித்த கொஞ்ச அறிவை அவரிடம் கொட்டிவிட்டு, சினிமாக்காரர்கள் வைத்திருப்பது போன்ற தடித்த மைக்கை வாங்கி வந்தேன்.

பாட வந்தவன் என் கூட்டாளி ஜவாத். மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவன் முன்னால் பாடிக்கொண்டு நடந்தால் மூன்று ஒழுங்கை தாண்டியும் கேட்கும். அவன் குரலை ஊருக்கு வெளியேயும் கேட்க வைப்பதுதான் எங்கள் திட்டம். அவனை மைக்குக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். கம்பனிப் பெயர் மின்னுகிற பக்கத்தை, பார்த்துப் பார்த்து ரசிக்க, கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்த என்னை நோக்கித் திருப்பி வைத்தேன்.

போட்டுக் கேட்டால் ஜவாத் கிணற்றுக்குள்ளிருந்து பாடினான். இடையில் நான் இருமிய இருமல் மட்டும் கணீரென்று இருந்தது. இருமலே இவ்வளவு தெளிவாக விழுகிறது, ஆகவே மைக்கில் பிழையில்லை என்று முடிவுகட்டினேன்.

"உன்ட குரல் தெருவுக்குத்தான் மச்சான் சரி, மைக்குக்கு எடுபடாது."

படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஜவாத் நம்பிவிட்டான். பிறகு ஊர்வலங்களிலும் பாடவில்லை. பல வருஷம் கழித்து அவன் மகளின் கலியாணத்தில் ஒரு பாட்டு என்று எல்லோரும் கேட்டபோதுகூட, என்னைக் காட்டி, இவன் மைக் வைத்துப் பார்த்தவன், இவனிடம் கேளுங்கள் என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று மருதமுனையில் சாரன், கைலி விற்கிற அவனுடைய கடைக்குப் போய், அன்றைக்கு மைக்கைத் திருப்பி வைத்திருந்த விஷயத்தைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த சாரனை மடித்து முடித்தான்.

"அப்ப என்ட குரல்ல பிழை இல்லையா மச்சான்?"

இல்லை என்றேன். இப்போது பாடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூச்சு நிற்காது என்று தலையாட்டினான். அடுத்த சாரனை எடுத்து விரித்துக்கொண்டே, "அண்டைக்குப் பாடினத்த வச்சிரிக்கியா?" என்றான்.

அதை நான் அன்றைக்கே அழித்துவிட்டேன். அழித்துவிட்டு, அதே பாட்டை அதே கதிரையில் இருந்து நானே பாடிப் பதிந்தேன். அது இன்னும் பத்திரமாக இருக்கிறது.