வள்ளி மிதித்த சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்ட்

எழுபதுகளில் இலங்கையின் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் தொழிற்சாலை மெக்கானிக். மலைச்சரிவில் விழுந்ததில் என் மனைவி வள்ளிக்கு இடது கால் பலமிழந்துவிட்டது. சாய்ந்தபடி கால் நீட்டி சைக்கிள் மிதித்துப் பழகச் சொன்னார் டாக்டர். பழைய குழாய்களை பற்றவைத்து அப்படியொரு தாழ்வான சைக்கிள் செய்தேன். வீட்டுக்குள் அதை நிறுத்தி மிதிக்க ஸ்டாண்ட் வாங்கப் பதுளைக்குப் போனேன்.

சைக்கிள் கடை முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்றே அழைப்போம். அவர் அகலமான ஒன்றைக் காட்டினார்.

"சாஞ்சிருக்கிறவங்களுக்கு வண்டி ஆடினா கால் ஊன்ற ஏலாது தம்பி. இதையே எடுங்க."

"நானும் மெக்கானிக்தாங்க" என்று சொல்லி, தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்து அறைக்குள் அடங்கும் ஒடுக்கமான ஸ்டாண்டை எடுத்து வந்தேன்.

நாலாம் நாள் மிதித்துக்கொண்டிருந்த வள்ளி கத்தினாள். "ஏங்க, ஆடுதுங்க!"

"பயப்படாம மிதி" என்று அதட்டினேன்.

வண்டி அடுப்புப் பக்கம் சரிந்தது. நழுவாதிருக்க அவள் பாதத்தை நானே பெடலோடு கட்டியிருந்தேன். கொதிக்கும் உலைக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். பாய்ந்து பானையைத் தள்ளினேன். என் கை வெந்தது, அவள் தப்பினாள்.

மறுவாரம் நானா ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் ஸ்டாண்டை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து, யாராவது பயமாக இருக்கிறது என்றால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்கிறேன்.