விரதமிருந்து கொடுத்த இரத்தம்

வெறும் வயிற்றோடு வா என்றால் ஊருலகத்தில் எல்லோரும் வெறும் வயிற்றோடுதான் போவார்கள். நான் விரதமல்லவா இருந்தேன்! விடிய எழும்பித் தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தேன். கந்தசஷ்டிக்கே பாலும் பழமும் ஆகும், கொழுப்புப் பரிசோதனைக்கு ஆகாதா?

கால் வீங்கியதால் வந்த வினை இது. ஒரு நாள் வேலைச் சப்பாத்துக்குள் கால் போகமாட்டேன் என்றது. இரத்தமும் சிறுநீரும் கொடுத்த பிறகு குடும்ப டொக்டர் என்னைச் சிறுநீரக டொக்டரிடம் அனுப்பினார். இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, என் மகள் வயதுதான்.

"அன்ரி, யூரின்ல புரோட்டீன் நிறையப் போகுது. ரத்தத்தில கொழுப்பும் கூட."

சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் நிற்கவேண்டிய புரதம் வெளியே ஒழுகுகிறதாம். போனதை ஈடுகட்ட ஈரல் ஓடி ஓடி வேலை செய்கிறதாம். அந்த அவதியில் கொழுப்பையும் இரத்தத்தில் கொட்டிவிடுகிறதாம். இத்தனை கூத்து எனக்குள்ளே நடக்க, நான் பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஓர் அக்கா வருவா. டயாலிசிஸ் செய்து செய்து அவவின் கை நரம்பு புடைத்துக் கிடக்கும். டொக்டரிடம் போய்வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அவ பூத்தட்டை நீட்டியபோது அந்தக் கையைத்தான் பார்த்தேன். பூவை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

என் மனுசனுக்கோ எல்லாம் பகிடி. "உமக்கு ஒண்டுமில்லை. சும்மா கண்டதையும் யோசிக்காதையும்" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விடுவார். கல்லு மனுசன் என்று திட்டினேன்.

அடுத்தமுறை இவரையும் கூட்டிக்கொண்டு போனபோதுதான் பால், பழக் கதை வெளியே வந்தது. டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை. அப்பாடா, எல்லாம் அந்தப் பால் செய்த வேலை என்று உயிர் திரும்பி வந்தது. திரும்ப இரத்தமும் சிறுநீரும் கொடுத்தேன். இந்தமுறை பல் விளக்கிய தண்ணீரைக்கூட விழுங்கவில்லை.

முடிவு சொல்லும்போது டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு வகைக் கொழுப்பு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முன்பு அதைக் கூட்டிக் காட்டியது மட்டும்தான் பால் செய்த வேலை. மற்றதெல்லாம் அப்படியே. "புரோட்டீன் போறதுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை அன்ரி." ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கவேண்டுமாம்.

பிறகு இன்னொன்றும் கேட்டாள். யாருடைய சிறுநீரகம் விரைவாகக் கெட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே காட்டும் புரதங்கள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு ஒரு குழாய் இரத்தம் கூடுதலாகத் தரச் சம்மதமா என்றாள்.

"என்ரை கெதியாப் போகுமோ, சுணங்குமோ எண்டு எனக்குச் சொல்லுவியளோ பிள்ளை?"

"இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் அன்ரி. இன்னும் அப்பிடிச் சொல்ற அளவுக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

கையை நீட்டினேன்.

உள்ளே ஏறியும் இவர் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"இஞ்சாரும், போன கிழமை நான் எங்கட குடும்ப டொக்டரிட்டைப் போனனான். என்ரை ரத்தத்தையும் பாத்தவை. உமக்கு ஓ குறூப், எனக்கு பி. என்ரை கிட்னியை உமக்குத் தர ஏலாதாம்."

இந்த வீட்டில் பயப்படாத ஆள் ஒருவராவது இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை நாளும் சோறு தின்றேன்.