புகை இல்லாமல் கத்திய அலாரம்

1. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. அக்காவின் அறைச் சீலிங்கில் பூட்டியிருந்த புகை அலாரம் கத்தியது. அறையில் புகை இல்லை.

2. திங்கட்கிழமை, ஏறக்குறைய அதே நேரம், மறுபடியும் கத்தியது. புகை இல்லை. அம்மா வீடு கூட்டும் தும்புத்தடியால் அதற்கு ஒரு அடி போட்டார்.

3. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அத்தான் கதிரையில் ஏறிப் பற்றரியைக் கழற்றினார். வீடு அமைதியானது.

4. புதன்கிழமை அக்கா குடித்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார்.

நாலாவதை முதல் மூன்றோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், புதன் மாலை வரை நானும் பார்க்கவில்லை. மின்னியல் படித்தவள், மீற்றரும் குறடுமாய்த் திரிகிறவள் — எனக்கே இந்தக் கதி!

அலாரத்தைக் கொண்டுவந்தவர் அத்தான், அக்காவின் கணவர். கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் கண்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை எங்கள் ஊரான வேலணைக்கு வந்து சேர்ந்தவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்த கையோடு அதைச் சீலிங்கில் பூட்டிவிட்டார். வெள்ளைச் சோசர் மாதிரி இருக்கும். புகை வந்தால் ஊரையே கூப்பிடும்.

"கப்பலில இது கத்தினா நாங்கள் நெருப்பைத் தேடி ஓடுவம். இங்க இதை அடிக்கத் தடி தேடி ஓடுறியள்" என்றார் அத்தான்.

"கப்பலில பிள்ளைப்பெத்தவள் படுத்திருக்கிறாளே? பச்சைப்பிள்ளை திடுக்கிட்டு எழும்பினா ஆர் நித்திரையாக்கிறது?" என்றார் அம்மா.

பிள்ளை திடுக்கிடவில்லை என்பதுதான் விசயம். பதின்மூன்று நாள் குழந்தை. தலைக்கு நேர் மேலே அந்தக் கத்தல்... ஒருமுறை கையை அசைத்துவிட்டுத் தூங்கிப் போனது. "தங்கமான பிள்ளை. பாலுக்குக்கூட அழாது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னார். அக்காவின் தலையிடிக்கும் சத்திக்கும் காரணம், பிள்ளைப்பெத்தவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்குத்தண்ணியில் மிளகு கூடிப்போனதாம்.

எனக்கு அக்காவின் முகம் பிடிக்கவில்லை. கண் செருகிக் கிடந்தார்.

"ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து தலை இடிக்குது. மத்தியானம்தான் கூட. பின்னேரம் கதவைத் திறந்தாப் பிறகு பரவாயில்லை" என்றார்.

மத்தியானம். கதவு. அந்த இரண்டு சொற்களும்தான் என்னை எழுப்பிவிட்டன.

வியாழக்கிழமை லீவு போட்டேன். முதலில் அலாரத்தையே சந்தேகப்பட்டேன். பற்றரி இறங்கினால் இடைக்கிடை ஒரு 'கீச்' மட்டும்தான் வரும். இது விடாமல் கத்தியிருக்கிறது. இருந்தாலும் அளந்தேன். ஒன்பது வோல்ற், குறையில்லை. உள்ளே எறும்பு? கழற்றி ஊதி, மெல்லிய பிறஷ்ஷால் துடைத்தேன். எறும்பும் இல்லை, தூசியும் இல்லை. அக்கா குளிக்க இலை போட்டுக் கொதிக்கவைக்கும் வேதுத்தண்ணியின் ஆவி? குளிப்பு ஒன்பது மணிக்கே கிணற்றடியில் முடிந்துவிடுகிறது. குசினி அடுப்பின் புகை? குசினி வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறது, காற்றும் மறுபக்கம்.

அப்படியென்றால் பத்தரைக்கு என்ன?

பத்து மணிக்கு அம்மா வந்தார். கையில் தணல்சட்டி. செக்கச்செவேலென்று சிரட்டைக்கரி. சட்டியைக் கட்டிலின் கீழே தள்ளினார். ஜன்னலைச் சாத்தினார். இடுக்கில் பழைய வேட்டித் துண்டை வைத்து அடைத்தார். முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை பிள்ளைப்பெத்த உடம்பில் காற்றுப் படக்கூடாது. பட்டால் காய்ச்சலும் பிதற்றலுமாய்ச் சன்னி வரும். எங்கள் பக்கத்தில் இது சட்டம்.

"சாம்பிராணிகூடப் போடேல்லை. வெறும் தணல். எங்க புகை, காட்டு பாப்பம்?"

புகை இல்லைதான். ஆனால் நான் பத்தரை வரை காத்திருக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தொடங்கியது சண்டை.

"நான் ரெண்டு பெத்தனான். ரெண்டுக்கும் இதே சட்டிதான். செத்தா போனனான்?"

நல்ல கேள்வி. தலையை நிமிர்த்திச் சீலிங்கைப் பார்த்தபோதுதான் பதில் வந்தது. அம்மா எங்களைப் பெற்றது ஓலைக் கிடுகு வேய்ந்த வீட்டில். காற்று கூரையால் வந்து ஓலைச் செத்தைச் சுவரால் போகும்; யாரும் கதவு திறக்கத் தேவையில்லை. இது அத்தான் கட்டிய கல்வீடு. சீலிங், கண்ணாடி ஜன்னல், இறுக்கமான கதவு. நாங்கள் வீட்டை மாற்றினோம். சட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

"வீடு வேற, சன்னி வேற" என்றார் அம்மா.

சொல்லி வெல்ல ஏலாது. காட்டத்தான் வேண்டும்.

"நீர் படிச்சனீர்தானே, செய்து காட்டுமன்" என்று அத்தான் ஏணியைக் கொண்டுவந்தார். பற்றரியைத் திரும்பப் போட்டு, ஆளில்லாத சாமான் அறையில் அலாரத்தைக் கட்டினோம். கரியை அம்மாவே மூட்டினார். ஜன்னல் இடுக்கையும் அவரே அடைத்தார். என்னில் அவ்வளவு நம்பிக்கை! எல்லோரும் வெளியே நின்று கண்ணாடியால் பார்த்தோம்.

பத்து நிமிடம். ஒன்றுமில்லை. "பாத்தியே?" என்றார் அம்மா. இருபது நிமிடம்... கத்தியது. அறைக்குள் ஒரு நூல் புகை இல்லை. நெல்மூட்டையில் இருந்த தையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"கண்ணுக்குத் தெரியாததை அது எப்பிடிக் காணுது?" என்றார் அம்மா.

'அது விசத்தைத்தான் கண்டது' என்று இங்கே ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் காரியம் லேசாக முடிந்திருக்கும். சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். அலாரம் பிடித்தது தணலில் இருந்து எழும் மிக நுண்ணிய துகள்களை. அக்காவை வருத்தியது வேறு ஒன்று என்றுதான் நான் சந்தேகிக்கிறேன் — காற்றுப் போதாமல் கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மோனாக்சைடு வாயு. நிறமில்லை, மணமில்லை. அது ஆளைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்க இந்தப் பெட்டிக்குத் தெரியாது. துகள் குறைந்த நாளில் இது வாயே திறக்காது. வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

அம்மாவின் குரல் மாறியது. "அப்ப... பிள்ளை அழாமக் கிடந்தது?"

"தெரியாதம்மா. இப்பவே காட்டுவம்."

கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். அக்காவையும் பிள்ளையையும் ஒரு இரவு வைத்துப் பார்த்தார். அனுப்பும்போது அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார்: மூடின அறைக்குள் இனித் தணல் வைக்கக்கூடாது.

யோசித்துப் பார்க்கிறேன். ஒன்று கத்தினால் 'ஏன் கத்துகிறது' என்று கேட்பதைவிட 'எப்படி நிறுத்துவது' என்று கேட்பதுதான் நமக்குச் சுகம். முதற் கேள்விக்கு ஒரு நாள் லீவு வேண்டும். இரண்டாவதற்குத் தும்புத்தடி போதும். மூன்று நாள் எங்கள் வீட்டில் தும்புத்தடிதான் வென்றது. அந்த மூன்று நாளும் குழந்தை அந்த அறையில்தான் கிடந்தது. இதை வாசிக்கும் உங்களில் யாருடைய வீட்டிலாவது பிள்ளைப்பேற்று அறைக்குள் சட்டி இருந்தால் — மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், முதலில் அதை வெளியே வையுங்கள்.

சூட்டுக்கு என்ன செய்வது? போத்தலில் சுடுதண்ணி நிரப்பி, துணியில் சுற்றி, அக்காவின் கால்மாட்டில் வைக்கிறோம். தலைமயிருக்குச் சாம்பிராணி பிடிப்பது விறாந்தையில், காற்றுக்கு ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி.

"சன்னி வந்தா உன்னைத்தான் கேப்பன்" என்றார் அம்மா.

"கேளுங்கோ" என்றேன்.

இன்று பத்தொன்பதாம் நாள். அக்காவுக்குத் தலையிடி இல்லை. பிள்ளை பால் கேட்டு வீட்டை இரண்டாக்குகிறது. அம்மா என்னோடு இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. ஜன்னலைச் சாத்துவதும் இல்லை.