தடையின்றி வாசித்த பிள்ளை

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. முதுகலைப் பட்டம் பெற்றவன் சிறு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருவதா என்று உறவினர் சிலர் குறைத்துப் பேசியதுண்டு. நான் ஒருபோதும் அப்படிக் கருதியதில்லை. அப்பள்ளியின் பெயர் கெடும் இடத்தில் என் பெயரும் கெடுகிறது என்பதே இன்றுவரை என் எண்ணம். அதனால்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும்படி இப்போதைய தலைமையாசிரியை கேட்டபோது மறுக்கவில்லை.

என் காலத்தில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். நிலம் வைத்திருப்பவர் மகனும், அந்த நிலத்தில் நடவு நடுபவர் மகளும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். இன்று காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் வந்து நிலமுள்ளவர் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் திருவண்ணாமலைக்கு அள்ளிக்கொண்டு போகின்றன. மீந்திருப்பவர்கள் காலனிப் பிள்ளைகள், மலையடிவாரத்து இருளர் பிள்ளைகள், பாதையோரம் வியாபாரம் செய்பவர்களின் பிள்ளைகள். பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் பெற்றோருடன் கடையில் விழித்திருந்த களைப்பில் தூங்கிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களே மிகுதி. இதில் அப்பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை.

தலைமையாசிரியையும் ஓர் இளையவருமாகப் பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். பிள்ளைகள் மேலும் குறைந்தால் இளையவரை மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் சென்ற ஆண்டே இருந்தது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் அந்த இளைய ஆசிரியைக்கு இணையாக நான் ஒருவரையும் கண்டதில்லை. அவர் போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் கையில். அவரை நிறுத்திக்கொள்ள வேண்டுமானால் பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும்.

நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மணிலாக் கடலையும் நெல்லும் பயிரிடும் குடும்பம். அந்தத் தெருவிலிருந்து வேனில் ஏறாத பிள்ளைகள் அவளும் அவள் தம்பியும் மட்டுமே. அவளை ஊரார் முன் வாசிக்க வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கோடை விடுமுறைக்கு முன் பெற்றோர் கூட்டம் நடந்தது. கூட்டத்திலிருந்த ஒருவர் கையில் வைத்திருந்த நாளிதழையே வாங்கி அவளிடம் கொடுத்தோம். எங்கும் தடுக்காமல், மூச்சு விட வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி வாசித்தாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அரசுப் பள்ளியால் என்ன முடியும் என்று காட்டிவிட்டோம் என்ற நிமிர்வுடன் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரமே அவள் தந்தை இரு பிள்ளைகளுக்கும் டி.சி. கேட்டார்.

அவர் என்னிடம் படித்தவர். வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"நீங்க எதுக்கு சார் வெயில்ல வந்தீங்க? ஒரு போன் போட்டா நானே வந்திருப்பேன்ல."

"போனில் பேசுகிற விஷயமா இது?" என்றேன்.

"அன்னிக்கு அவ பேப்பர் படிச்சத பாத்துதான் சார் எங்களுக்கே தெரிஞ்சுது. இங்கயே இவ்ளோ படிக்கிறான்னா, நல்ல ஸ்கூல்ல போட்டா எங்கயோ போயிடுவான்னு என் தம்பி சொன்னான். அந்த ஸ்கூல்காரங்களும் ஃபீஸ கம்மி பண்ணிக்கிறேன்னுட்டாங்க."

"அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார்?"

"டீச்சர்தான். இல்லன்னு சொல்லல சார். தங்கமான டீச்சர்."

உள்ளிருந்து மோர் கொண்டுவந்த அவர் மனைவி நின்றபடியே சொன்னார்: "டீச்சர் தங்கம்தான் சார். பக்கத்துல ஒக்காந்திருக்கறது யாரு? பௌர்ணமி ஆனா கற்பூரம் விக்கப் போயிடுதுங்க. அதுங்களோடவே இருந்தா இவளும் அப்படித்தான ஆவா?"

"இத்தனை நாள் அவர்களோடு இருந்துதானே இவள் இப்படி ஆனாள்?" என்றேன்.

கணவர் சிரித்துவிட்டார். "சார்கிட்ட வாயக் குடுக்காத. எனக்கு விழுந்த அடி இன்னும் ஞாபகம் இருக்குது."

மனைவி சிரிக்கவில்லை. "உங்க புள்ளைங்கள எங்க சார் படிக்க வெச்சீங்க?"

"இருவரையும் இதே பள்ளியில்தான் படிக்க வைத்தேன்." இந்தப் பதிலை நான் எங்கும் தலைநிமிர்ந்து சொல்லியிருக்கிறேன்.

"அது அப்ப சார். அப்ப எல்லாரும் படிச்சாங்க."

என் பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. பெங்களூரில் அவர்கள் எத்தகைய பள்ளியில் படிக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். கேளாமல் விட்ட அந்த மரியாதை, கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வருத்தத்தைவிடக் கனமாக இருந்தது. மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் மாதம் அவ்விருவரும் வேனில் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து, மற்றத் தெருக்களில் தயங்கி நின்ற சில குடும்பங்களும் எப்படியோ பணம் புரட்டித் தம் பிள்ளைகளை அனுப்பின. இளைய ஆசிரியைக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாற்றுப்பணி ஆணை வந்தது. நான் விண்ணப்பம் எழுதினேன். அலுவலகத்துக்கு நேரிலும் சென்றேன். எழுந்து நின்று வரவேற்று, உட்கார வைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆணை மட்டும் மாறவில்லை.

இப்போது ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில் இருக்கின்றன. தலைமையாசிரியை ஒரு வரிசைக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்புவதற்குள் கைப்பேசியில் ஏதோ ஒரு விவரத்தைப் பதிவேற்றச் சொல்லிச் செய்தி வந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். சென்று உதவலாம்தான்; ஆனால் கண்புரை அறுவை சரியாக அமையாததால் கரும்பலகையில் நானே எழுதியது எனக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

சென்ற மாதம் பள்ளி வாயிலில், பாதையோரம் கற்பூரம் விற்கும் ஒரு பெண் என்னை நிறுத்தினார். மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. கோடையில் உறவினர் ஊருக்குப் போனவள் அன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு மாதிரி நல்லா படிச்சா, இவளயும் ஃபீஸு கம்மி பண்ணி வேன்ல ஏத்திக்குவாங்களா?"

"இங்கேயே படிக்கட்டுமேம்மா" என்றேன்.

"இங்கதான் சார் படிக்கணும். இங்க நல்லா படிச்சாத்தான அங்க ஏத்துவாங்க? டீச்சர்கிட்ட சொல்லி இவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

எந்த டீச்சரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் மாற்றலாகிப் போன செய்தி இந்தப் பெண்ணின் காதுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை.

"சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு மகளை உள்ளே அனுப்பினார்.