அத்தானைத் தேடிய ஐந்து நகரங்கள்

1953 செப்டம்பர் இரண்டாம் வாரம், காலை ஏழு மணி. நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் அணைந்ததும் எல்லோரும் மேல்தட்டில் நின்று கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார்கள். நான் கீழே கரையில் நின்ற துறைமுகத் தொழிலாளிகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷத்தில் ஒரு முகம் எவ்வளவு மாறும் என்பதுதான் அப்போது என் யோசனை.

நான் நாகர்கோவிலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். பல தேசத்து ஆசிரியர்கள் இருபது பேருக்கு ஐந்து நகரங்களின் பள்ளிகளைச் சுற்றிக் காட்டும் நான்கு மாதப் பயணத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. சொந்தக்காரர்கள் பேனாவும் கைக்கடிகாரமும் கேட்டார்கள். என் அக்காள் பகவதி கேட்டது வேறு. அவள் புருஷன் சுயம்புலிங்கம், அதாவது எங்கள் அத்தான், 1938-ல் பம்பாய்க்குப் போய்க் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க்கில் இறங்கித் தங்கிவிட்டதாக ஒரு கடிதம் போட்டார். பிறகு உலக யுத்தம் வந்தது. சண்டை முடிந்தும் கடிதம் இல்லை. கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க அக்காளைக் கூப்பிடலாமா கூடாதா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

நான் பஸ் ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவிய இருக்காவளா இல்லியாண்ணு மட்டும் பாத்துக்கிட்டு வா மக்கா. கூட்டிக்கிட்டு வராண்டாம். தெரிஞ்சா போரும்."

நியூயார்க்கில் மூன்று வாரம். பூமிக்கடியில் ஓடும் ரயிலுக்குப் பதினைந்து சென்ட். எவ்வளவு தூரம் போனாலும் அதே காசு. மேலே வந்தால் ஜனவெள்ளம். தோள் இடிக்கும், கண் சந்திக்காது. ஆனால் கிழக்குப் பக்கத்தில் தள்ளுவண்டிக் கடைகள் நிற்கும் ஒரு தெரு இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பெண்கள் கீழே கத்தி விலை பேசினார்கள். மீன் நாற்றமும் ஏச்சும் சிரிப்புமாகக் எங்கள் ஊர்க் கோட்டாற்றுச் சந்தையே எதிரில் வந்துவிட்டது. பீப்பாயில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்ற கிழவரிடம் ஐந்து சென்ட்டுக்கு ஒன்று வாங்கித் தின்றுகொண்டே அத்தானைப் பற்றி விசாரித்தேன். தன் உடன்பிறந்த தம்பி அடுத்த தெருவில்தான் இருக்கிறான், பார்த்து நான்கு வருஷமாகிறது என்று அவர் சொன்னார். மீதி ஊறுகாயைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒரு டெலிபோன் கூண்டு உண்டு. அதில் ஊரார் பெயரெல்லாம் அச்சடித்த தடிமனான புத்தகம் தொங்கும். நியூயார்க்குக்கு மட்டும் ஐந்து. ஐந்திலும் சுயம்புலிங்கத்தைத் தேடினேன். இல்லை.

ஹோட்டலில் ஒரு வேடிக்கை. என் பாஸ்போர்ட்டில் செல்லப்பன் நல்லபெருமாள் என்று என் பெயரும் தகப்பனார் பெயரும் இருந்தன. இவர்கள் கணக்கில் பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர். ஆகவே போன இடமெல்லாம் "மிஸ்டர் நல்லபெருமாள்" என்றே கூப்பிட்டார்கள். ஊர் எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டாத அப்பா அமெரிக்கா முழுவதும் மரியாதையாகச் சுற்றிவருகிறார் என்று வீட்டுக்கு எழுதிச் சிரித்தேன். சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை.

அக்டோபர் முதல் வாரம், ரயிலில் பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து கனடாவில் மான்ட்ரியல். அங்கே மாடிப்படிகள் வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்க்க இறங்குகின்றன. வளைந்த இரும்புப் படிகள். சாயங்காலமானால் பெண்கள் அந்தப் படிகளில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஊர்க்கதை பேசுகிறார்கள். நான் தங்கிய வீட்டுக்காரி காலையில் வாசலில் நின்று எங்கே போகிறாய் என்று கேட்பாள். புறப்பட்ட நாள் முதல் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வடசேரியிலிருந்து கோட்டாறு போவதற்குள் "எங்க போறிய?" என்று இருபது பேர் கேட்பார்கள், ஊரில் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். இங்கே அந்தக் கேள்விக்காக ஏங்கிப் போயிருந்தேன் என்பது அவள் கேட்டபிறகுதான் தெரிந்தது. அக்காள் கதையைக் கேட்டுவிட்டு அவள் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். புத்தகத்தில் பெயர் இல்லை.

அக்டோபர் கடைசியில் டிட்ராயிட், எட்டு நாள். மோட்டார் கார் செய்கிற ஊர். எல்லோரும் காரில் போகிறார்கள், நடப்பவர் இல்லை. ஹோட்டலிலிருந்து பள்ளிக்கு டிராமில் நாற்பது நிமிஷம் பத்திரிகை வாசித்துக்கொண்டே போய்வந்தேன். பெயர் இல்லை. எப்போது சிகாகோ போவோம் என்றிருந்தது.

நவம்பரில் சிகாகோ. ஏரிக்காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். நடுத்தெருவில் இரும்புத் தூண் நட்டு, தலைக்கு மேலே ரயில் விட்டிருக்கிறார்கள். ரயில் கடக்கும்வரை கீழே பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக் காத்திருந்து, பாதியில் விட்ட வாக்கியத்தை எடுத்து முடிப்பார்கள். தூணடியில் பத்திரிகை விற்ற நீக்ரோ பெரியவர் பதினைந்து வருஷம் முன்பு தெற்கிலிருந்து வந்தவர். தாயாருக்கு ஞாயிறு தவறாமல் கடிதம் எழுதுவாராம். அத்தானைப் பற்றிச் சொன்னதும், தன்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைக்கிறவன் கடிதம் எழுதுவான் என்றார். ரயில் வந்தது. அது போனதும் எதிர் மருந்துக்கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பெயர் இல்லை.

டிசம்பர் மத்தியில், இரண்டரை நாள் ரயிலுக்குப் பிறகு சான்பிரான்சிஸ்கோ. செங்குத்தான தெருக்களில் கம்பி இழுக்கும் டிராம் ஏறுகிறது. உச்சியில் நின்றால் தெரு முடிவில் கடல். குளச்சல் கடற்கரை நினைவு வந்தது. இந்த ஊரில் வெயிலில் நின்று பேசுகிறார்கள், முகம் தெரியாதவனுக்கும் வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் அக்காள் கடிதம் வரவில்லை. நான்கு நாள் ஹோட்டல் குமாஸ்தாவிடம் போய், செல்லப்பனுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஐந்தாம் நாள் அவர் என் அறை எண்ணைப் பார்த்துவிட்டு, கடிதம் போட்டுவைக்கும் வேறொரு மாடத்திலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். நல்லபெருமாளின் மாடம்.

கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அத்தானையும் இந்த நாடு அவர் தகப்பன் பெயரில்தானே எழுதியிருக்கும்? நான்கு நகரங்களில் ஒரு பூகோள வாத்தியார் தப்பான பக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

நகர நூல்நிலையத்தில் எல்லா ஊர்ப் புத்தகங்களும் இருந்தன. அத்தானின் தகப்பனார் தாணுமாலயன். நியூயார்க்கில் இல்லை. சிகாகோவில் இல்லை. டிட்ராயிட்டில் ஒன்றே ஒன்று: தாணுமாலயன், எஸ். வுட்வர்ட் அவென்யூவிலிருந்து பிரியும் ஒரு தெரு. எட்டு நாள் என் டிராம் அந்த முனையைத் தாண்டித்தான் போய்வந்தது.

மூன்று நிமிஷம் பேச இரண்டரை டாலர். மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து யாரையோ அழைத்தாள்.

"அத்தான், நான் செல்லப்பன். பகவதிக்க தம்பி."

"நீயா மக்கா?" என்றார். தமிழ் அவருக்குத் தட்டித் தட்டி வந்தது. இங்கே ஒரு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், கார் தொழிற்சாலையில் வேலை என்றார். முதலில் எழுத முடியவில்லை, பிறகு எழுத முகம் இல்லை என்றார். டிட்ராயிட்டுக்கு வந்தாயா என்று கேட்டார். எட்டு நாள் இருந்தேன் என்றேன். "எட்டு நாளா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அவகிட்ட நான் செத்துப் போனேண்ணு சொல்லிரு மக்கா. அவளுக்கு ஒரு முடிவாவது கெடைக்கட்டும்."

மூன்று நிமிஷம் முடிந்தது என்று ஆபரேட்டர் சொன்னாள். மேற்கொண்டு பேச அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்குக் கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல். செத்தார் என்றால் பொட்டை அழிப்பாள். இருக்கிறார் என்றால் கைவிடப்பட்டவள் ஆவாள். கொழும்பு வரை தினம் ஒரு முடிவு எடுத்து மறுநாள் மாற்றினேன். தூத்துக்குடியில் இறங்கி பஸ் பிடித்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்தப் பழைய காற்று முகத்தில் அடித்தபோது, செத்தார் என்றே சொல்வதென்று தீர்மானித்தேன்.

வீட்டில் அக்காள் என்னைச் சாப்பிட வைத்து, இலை எடுக்கும்வரை பொறுத்திருந்தாள். "இருக்காவளா?" என்றாள். அவள் முகத்துக்கு நேரே எனக்குப் பொய் வரவில்லை. டிட்ராயிட், தொழிற்சாலை, அந்தப் பெண், குழந்தைகள், அத்தான் சொல்லச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நீ அந்த ஊருல எட்டு நாள் இருந்தேல்லா? அவிய இருக்க தெரு எப்பிடி? சொல்லு" என்றாள்.

"அங்க ஒண்ணுமில்ல அக்கா. நடக்க ஆளு கூட இல்ல."

"ஒண்ணுமில்லியா?" என்றாள். "எனக்க பதினஞ்சு வருசமும் அந்தத் தெருவுலல்லா மக்கா கெடந்து."

நியூயார்க்கைப் பற்றி யார் கேட்டாலும் இப்போதும் ஒரு மணி நேரம் பேசுவேன். மான்ட்ரியல் படிகளை வரைந்துகூடக் காட்டுவேன். அக்காளுக்குச் சொல்ல, பதினாறு தரம் நான் கடந்து போன அந்த முனையில் ஒரு மரம் நின்றதா என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.