கச்சாலிலிருந்து நாகப்பட்டினம் வரை

சொர்ணம்மா ஒன்பது வயதில் நிக்கோபாரின் கச்சால் தீவில் வந்து இறங்கினாள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. கச்சாலில் ரப்பர் பால் எடுக்கும் வேலையும் கிடைத்தது. அக்கா விஜயகுமாரி மட்டும் வரவில்லை. அவளைக் கட்டியவன் இலங்கைப் பிரஜை. "ரெண்டு வருசத்துல வந்து பாக்குறேன்" என்று அவள் சொல்லி ஐம்பது வருடம் ஓடிவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருப்பதை மகன் யோகராஜ் சொன்னதும், சொர்ணம்மா போர்ட் பிளேருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாள்.

அலுவலர் காகிதங்களைப் புரட்டியபடி இந்தி கலந்த தமிழில் சொன்னார். "ஆதார் டீக் ஹை. ஆனா பொறந்த இடம் ஸ்ரீலங்கா. உங்க அப்பாவோட சிட்டிசன்ஷிப் காகஸ் வேணும்மா."

"அது சுனாமியில வீட்டோட போயிருச்சுங்க."

"நகல்?"

"ஒண்ணும் மிஞ்சல சார். எல்லா எலெக்சன்லயும் ஓட்டுப் போட்டிருக்கேனே!"

"அது வேற, இது வேறம்மா."

நகல் கேட்டு யோகராஜ் மூன்று இடங்களுக்கு எழுதினான். ஒரு வருடமாகியும் பதில் இல்லை.

கடைசியில் அக்காவே விசா எடுத்தாள். "ஒனக்கு வர ஏலாட்டி என்ன? நான் வாறேன். பத்து நாள் நாகப்பட்டினத்துல இருப்பேன், நீ வந்துரு" என்றாள் போனில்.

அறுபத்தெட்டு வயதில், வலிக்கிற முழங்காலோடு, ஒரே பகலில் கடலைத் தாண்டி வந்துவிட்டாள் அக்கா. சொர்ணம்மாவால்தான் கச்சாலை விட்டு நகர முடியவில்லை. புயல் எச்சரிக்கையில் தீவுக்குக் கப்பலே வரவில்லை. ஐந்து நாள் மூட்டையோடு கப்பல்துறைக்குப் போய்ப் போய்த் திரும்பினாள். பிறகு ஒரு கப்பல் கிடைத்து, போர்ட் பிளேரில் மூன்று நாள் காத்திருந்து விமானம் ஏறினாள். நாகப்பட்டினம் சேர்ந்தபோது அக்கா வந்து ஒன்பதாம் நாள்.

லாட்ஜ் அறைக் கதவைத் திறந்த கிழவியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சொர்ணமா?" என்றது குரல். அது மட்டும் மாறவில்லை. இருவரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா மெல்லக் கேட்டாள். "அம்மா கடைசியில என்னைய தேடுச்சா புள்ள?"

அம்மா, அக்கா கூட வராத கோபத்தில் அவள் பெயரையே எடுக்காமல் செத்துப்போனவள்.

"தேடுச்சுக்கா. தெனமும் ஒம் பேச்சுதான்."

மறுநாள் துறைமுக வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார். "பாஸ்போர்ட் இல்லாதவங்க இங்கயே நின்னுக்கங்க."

அக்கா மட்டும் உள்ளே போனாள். வரிசை வளைந்த இடத்தில் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ பெரிய பெட்டியோடு குறுக்கே வந்துவிட்டார்கள்.

சொர்ணம்மாவுக்குக் கச்சாலுக்குத் திரும்ப டிக்கெட் கிடைக்கப் பதினாறு நாள் ஆயிற்று.